தரிசுக்கும் ஒரு வரி

அருப்புக்கோட்டை வட்டத்தில் இந்தப் பசலியில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று கேட்டால் கணிப்பொறி நொடியில் பட்டியல் தந்துவிடும். எந்தப் புலங்களில் ஒன்றுமே விதைக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் திரை வெறுமையாக நிற்கும். சில நேரம் அதைவிட மோசம்: தரிசே கிடையாது என்று அடித்துச் சொல்லும். இரண்டு கேள்விக்கும் வேண்டிய தரவு ஒரே இரண்டு அட்டவணைகளில்தான் கிடக்கிறது. அவற்றை எப்படிச் சேர்த்துப் படிக்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

தரவுத்தளக்காரர்கள் இந்தச் சேர்ப்பை ‘ஜாயின்’ என்பார்கள். ஜோடி கிடைத்த வரிகளை மட்டும் தருவது இன்னர் ஜாயின். ஜோடி கிடைக்காதவற்றையும் கைவிடாமல் கொண்டுவருவது அவுட்டர் ஜாயின். பாடப்புத்தகங்கள் இதை ஊழியர், துறை என்ற சலித்துப்போன உதாரணத்தைக் காட்டி ஒரு பக்கத்தில் முடித்துவிடுகின்றன. அந்த உதாரணத்தில் துறை இல்லாத ஊழியர் ஒருவர் விடுபட்டால் யாருக்கும் நட்டமில்லை. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் கதை வேறு. ஆண்டுக்கு 800 மி.மீ. சுற்றி மழை, அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தை நம்பியது. புரட்டாசியில் ஈரம் வருமுன்பே விதையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கும் மானாவாரிக் காடு. மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் குதிரைவாலியும் நிற்கும் புலத்துக்குப் பக்கத்திலேயே சீமைக் கருவேலம் மண்டிய புலம். இந்த ஊரைப் பற்றிய எந்தக் கணக்கிலும் பாதிச் செய்தி ‘இல்லை’ என்பதில் இருக்கிறது. ஜோடி இல்லாத வரியை உதறிவிடும் குவெரி (தரவுத்தளத்திடம் எழுதிக் கேட்கும் கேள்வி) இங்கே பாதி ஊரையே உதறிவிடும்.

காகிதத்தில் இருந்தது

கர்ணம் காலத்து அடங்கல் ஓர் அவுட்டர் ஜாயின்தான் என்பது என் கட்சி. அ-பதிவேட்டில் கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் உட்பிரிவும் உண்டு. பரப்பு எவ்வளவு, புஞ்சையா நஞ்சையா புறம்போக்கா, தீர்வை என்ன, பட்டா யார் பேரில் என்பதெல்லாம் அதில் இருக்கும். கிராமக் கணக்கு எண் 2 எனப்படும் அடங்கல் அந்தச் சர்வே எண்களை வரிசையாக எழுதிக்கொண்டு, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான பசலியில் எங்கே என்ன விளைந்தது என்பதை அடுத்த கலங்களில் நிரப்பும். விளையாத புலத்துக்கும் அதில் இடம் உண்டு. 1980-இல் கர்ணம் பதவி ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்த பிறகும் இந்த வடிவம் மாறவில்லை. ஜமாபந்தியில் கணக்கைப் புரட்டுகிற அதிகாரியின் கண்ணில் நிரம்பிய கலமும் படும், நிரம்பாத கலமும் படும்.

கணிப்பொறிக்குள் போகும்போது வழக்கமான வடிவமைப்பில் இது இரண்டாகப் பிரியும். புலங்களுக்கு ஓர் அட்டவணை, பயிர்ப் பதிவுகளுக்கு ஓர் அட்டவணை. விதைத்த புலத்துக்கு மட்டும் இரண்டாவதில் வரி விழும். ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதாத நல்ல ஒழுங்குதான் இது. ஆனால் நிரம்பாத கலம் என்ற ஒன்று சேமிப்பிலேயே இல்லாமல் போகிறது. வேண்டும்போது அதைக் குவெரிதான் மறுபடி உண்டாக்கித் தர வேண்டும்.

புரிவதற்கு நான்கே புலம் உள்ள கற்பனைக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சர்வே எண் 101 ஒரு ஏக்கர், 102 மூன்று ஏக்கர், 103 இரண்டு ஏக்கர், 104 ஒன்றரை ஏக்கர். பயிர் அட்டவணையில் நான்கு பதிவுகள்: 101-இல் மக்காச்சோளம், 103-இல் பருத்தி, அதே 103-இல் ஊடுபயிராக உளுந்து, 140-இல் கம்பு. 140 என்ற புலமே இந்தக் கிராமத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னர் ஜாயின் மூன்று வரி தரும்: 101-க்கு ஒன்று, 103-க்கு இரண்டு. புல அட்டவணையை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் அவுட்டர் ஜாயின் செய்தால் ஐந்து வரி. 102-உம் 104-உம் பயிர்க் கலத்தில் ‘நல்’ என்ற வெறுமைக் குறியோடு வந்து சேரும். ரைட் அவுட்டர் ஜாயின் நான்கு வரி தரும். அதில் 140-இன் கம்பு, புல விவரம் இல்லாமல் அநாதையாக நிற்கும். ஃபுல் அவுட்டர் ஜாயினில் ஆறு வரி: பொருந்திய மூன்று, இடப்பக்கம் தனித்த இரண்டு, வலப்பக்கம் தனித்த ஒன்று.

இந்த ஆறு வரிகளையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் ஒரு விஷயம் புலப்படும். 104 பயிர் இல்லாமல் நிற்கிறது. 140 நிலம் இல்லாமல் நிற்கிறது. யாரோ தட்டச்சில் எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இன்னர் ஜாயின் இந்த இரண்டையும் சேர்த்தே மறைத்துவிட்டது. லெஃப்ட் ஜாயின் 104-ஐத் தரிசு என்று தவறாகச் சொல்லியிருக்கும். இரண்டு பக்கத்து மிச்சத்தையும் எதிரெதிரே வைத்தால்தான் பிழை தெரியும். அறிக்கை தயாரிக்க லெஃப்ட், தரவைச் சரிபார்க்க ஃபுல் என்று வேலையைப் பிரித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

பாடம் நடத்துகிறவர்கள் இங்கே ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்களை வரைவார்கள். அந்தப் படத்தை நான் நம்புவதில்லை. 103 இரண்டு வரியாகப் பெருகியதை எந்த வட்டமும் காட்டாது. வட்டங்கள் கணங்களைக் காட்டுபவை; ஜாயின் வரிகளை வரிகளோடு பொருத்துவது. பெருகுவதும் அதன் இயல்பு. அந்தப் பெருக்கத்தால் வரும் தொல்லையைப் பின்னால் பார்ப்போம்.

யார் கொண்டுவந்தது

எட்கர் கோட் 1970-இல், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்தபோது, தொடர்புசார் மாதிரியை முன்வைத்தார். அந்தக் கட்டுரையில் ஜாயின் உண்டு, அவுட்டர் ஜாயின் கிடையாது. 1976-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த லாக்ருவாவும் பிரோத்தும் ஜாயினைப் பொதுமைப்படுத்தி எழுதினார்கள். 1979-இல் கோட் தன் மாதிரியை விரித்து எழுதிய கட்டுரையில் வெறுமைக் குறியையும் அவுட்டர் ஜாயினையும் சேர்த்தே பேசினார். அதில் வியப்பில்லை: ஜோடி இல்லாத வரியைத் தக்கவைத்தால் எதிர்ப்பக்கக் கலங்களில் எதையாவது எழுதியாக வேண்டும். 1983-இல் கிறிஸ் டேட் இந்தச் செயலுக்கென்றே ஒரு கட்டுரை எழுதி, குவெரி எழுதும் மொழியில் இதற்கு ஒழுங்கான இடம் வேண்டும் என்று வாதாடினார்.

அந்த மொழியான எஸ்.க்யூ.எல்.-க்கு 1986-இல் வந்த முதல் தரநிலையில் அந்த இடம் கிடைக்கவில்லை. அதற்குள் நிறுவனங்கள் ஆளுக்கொரு குறியைக் கண்டுபிடித்துக்கொண்டன. ஆரக்கிளில் அடைப்புக்குள் கூட்டல் குறி. அது வெறுமை வரப்போகும் அட்டவணையின் பக்கம் நிற்கும். சைபேசில் சமக்குறியோடு ஒட்டிய நட்சத்திரம். அது முழுதாகத் தக்கவைக்கப்படும் அட்டவணையின் பக்கம் நிற்கும். ஒரே செயலுக்கு எதிரெதிர்ப் பக்கத்தில் குறி! இரண்டு மென்பொருளிலும் மாறி மாறி வேலை செய்தவர்கள் பட்ட பாட்டை ஊகிக்கலாம். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்தக் குறிகள் ‘வேர்’ (where) பகுதிக்குள், வடிகட்டும் நிபந்தனைகளோடு கலந்து கிடந்தன. எது பொருத்தும் நிபந்தனை, எது பொருத்திய பின் வடிகட்டும் நிபந்தனை என்று பிரித்தறிய முடியவில்லை.

1992-ஆம் ஆண்டுத் தரநிலை இந்த முடிச்சை அவிழ்த்தது. லெஃப்ட், ரைட், ஃபுல் என்று வெளிப்படையாக எழுதவும், பொருத்தும் நிபந்தனையை ‘ஆன்’ என்ற தனிப் பகுதியில் வைக்கவும் வழி செய்தது. நடைமுறைக்கு வர இன்னும் காலம் பிடித்தது. ஆரக்கிள் 2001-இல் 9ஐ பதிப்பில்தான் இந்த எழுத்துமுறையை ஏற்றது. போஸ்ட்கிரெஸும் அதே ஆண்டில் 7.1 பதிப்பில். கைப்பேசிக்குக் கைப்பேசி இருக்கும் எஸ்க்யூலைட், ரைட்டையும் ஃபுல்லையும் 2022-இல் 3.39 பதிப்பில்தான் சேர்த்தது. மைஎஸ்க்யூஎல்-இல் ஃபுல் இன்றுவரை இல்லை. அங்கே லெஃப்ட் ஜாயினின் விடையையும், எதிர்ப்பக்கத்தில் தனித்து நிற்பவற்றையும் யூனியன் மூலம் ஒட்டித்தான் ஆக வேண்டும். ரைட் ஜாயின் உண்மையில் தேவையே இல்லை. அட்டவணைகளை இடம் மாற்றி எழுதினால் அது லெஃப்ட். பத்து ஜாயின் உள்ள குவெரியில் நடுவே ஒரு ரைட் வந்தால் படிப்பவர் தலை சுற்றும். ஆகவே பெரும்பாலோர் அதைத் தொடுவதில்லை, சரிதான்.

மழை பெய்யாத நாள்

வெறுமைக் குறி என்ன சொல்கிறது என்பதில்தான் பெரிய சண்டை. 1975-லேயே அமெரிக்கத் தரநிலைக் குழு ஒன்றின் அறிக்கை, தகவல் இல்லாமைக்குப் பதினான்கு வகை அர்த்தங்களைப் பட்டியலிட்டது. கோட் 1990-இல் எழுதிய நூலில் அவற்றை இரண்டாகக் குறைத்தார்: இருக்க வேண்டியது, ஆனால் இன்னும் தெரியவில்லை என்பது ஒன்று, இங்கே பொருந்தவே பொருந்தாது என்பது மற்றது. டேட் வெறுமைக் குறியே வேண்டாம் என்று விடாமல் மல்லுக்கு நின்றார். நடைமுறையில் வென்றது ஒரே ஒரு ‘நல்’. அது எந்த அர்த்தத்தில் வந்தது என்பதை அதனிடமே கேட்க முடியாது.

இதன் விளைவை மழைக் கணக்கில் பார்க்கலாம். மழைமானியில் காலை 8.30-க்கு முந்தைய 24 மணி நேர அளவைக் குறிப்பார்கள். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் வானிலைத் துறைக்கு அது மழை நாள். பெய்த நாளுக்கு மட்டும் வரி விழும் அட்டவணை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐப்பசியில் திருச்சுழியில் தொடர்ந்து எத்தனை நாள் மழை இல்லை என்று அதைக் கேட்டால் விடை வராது. பெய்யாத நாள் அதில் இல்லையே! முதலில் எல்லாத் தேதிகளும் அடங்கிய நாட்காட்டி அட்டவணை வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஜெனரேட் சீரிஸ் என்ற செயற்கூறு அதை அந்த நேரத்திலேயே உண்டாக்கித் தரும். நாட்காட்டியை இடப்பக்கம் வைத்து மழை அட்டவணையோடு லெஃப்ட் ஜாயின் செய்தால் வறண்ட நாட்கள் வெறுமைக் குறியோடு வரிசையில் வந்து நிற்கும்.

அடுத்த படியில்தான் வழுக்கும். அந்த வெறுமையைக் கோயலெஸ் செயற்கூறால் சுழியமாக மாற்றிவிடுவது எல்லோரும் செய்வது. மழை பெய்யவில்லை என்றால் 0 சரி. அன்றைக்கு மழைமானியைப் பார்க்க ஆள் வரவில்லை, அல்லது தானியங்கிக் கருவி பழுது என்றால்? பார்க்காத நாளும் பெய்யாத நாளும் ஒன்றாகிவிடும். மாற்றாமல் விட்டால் வேறு சிக்கல்: சராசரி காணும் செயற்கூறு வெறுமைகளை ஒதுக்கிவிட்டு, மழை பெய்த நாட்களுக்கு மட்டும் சராசரி போடும். ஒரு நாள் 60 மி.மீ. பெய்து மீதி 29 நாள் காய்ந்த மாதத்துக்கு நாள் சராசரி 60 என்று சொல்லும்; உண்மை 2. உளுந்து முளைத்து இருபதாம் நாளில் வாடியதா இல்லையா என்று தீர்மானிக்கப் பயன்படுகிற எண்கள் இவை.

இதற்கு மூன்றாவது அட்டவணைதான் மருந்து. எந்த நாள் எந்த நிலையத்தில் அளவு எடுக்கப்பட்டது என்பதற்குத் தனிப் பதிவு. நாட்காட்டியோடு அதையும் சேர்த்தால், அளவு எடுத்தும் மழைப் பதிவு இல்லாத நாள் 0. அளவே எடுக்காத நாள் வெறுமை. ஒரே குறிக்குள் நசுங்கிக் கிடந்த இரண்டு அர்த்தங்களும் பிரிந்துவிடும். வெறுமைக் குறியே வேண்டாம் என்ற டேட்டின் பிடிவாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வெறுமைக்கும் காரணத்தைச் சேமித்து வை என்ற அளவில் அவர் பக்கம்தான் நியாயம்.

லெஃப்ட் என்று எழுதினால் போதுமா

போதாது. குவெரியில் லெஃப்ட் ஜாயின் என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, இன்னர் ஜாயினின் விடையையே வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம்.

முதல் பள்ளம் நிபந்தனையை வைக்கும் இடம். எல்லாப் புலங்களையும் பயிர் அட்டவணையோடு லெஃப்ட் ஜாயின் செய்கிறோம். ஒரு பசலி மட்டும் போதும் என்று, பசலி 1434 என்ற நிபந்தனையை ‘வேர்’ பகுதியில் போடுகிறோம். தரிசுப் புலத்தின் பசலிக் கலத்தில் இருப்பது வெறுமை. வெறுமை 1434-க்குச் சமமா என்றால் எஸ்.க்யூ.எல். ஆமென்றும் சொல்லாது, இல்லையென்றும் சொல்லாது; ‘தெரியாது’ என்னும். ‘வேர்’ பகுதி உண்மை என்று உறுதிப்பட்டதை மட்டுமே உள்ளே விடும். பாடுபட்டுக் கொண்டுவந்த தரிசு வரிகள் அங்கேயே உதிர்ந்துவிடும். போஸ்ட்கிரெஸ் போன்ற மென்பொருள்கள் இப்படிப்பட்ட நிபந்தனையைக் கண்டதும், எப்படியும் உதிரப்போகிறதே என்று அவுட்டர் ஜாயினைத் தாமாகவே இன்னராக மாற்றி வேகமாக ஓட்டுகின்றன. கலிண்டோ-லெகாரியாவும் ரோசந்தாலும் 1990-களில் இந்த எளிமையாக்கலின் விதிகளை வகுத்துத் தந்தார்கள். கணிப்பொறி நாம் எழுதியதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டது. நாம் நினைத்தது அது அல்ல, அவ்வளவே.

சிலர் இதைக் கண்டுபிடித்து, ‘பசலி 1434 அல்லது பசலி வெறுமை’ என்று ஒட்டுப்போடுவார்கள். அது இன்னும் நயமான தவறு. 1433-இல் பருத்தி போட்டு 1434-இல் சும்மா விட்ட புலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1433-இன் பதிவோடு அது பொருந்திவிட்டது. ஆகவே வெறுமை இல்லை. 1434-உம் இல்லை. இரண்டு வாசலிலும் அதற்கு இடமில்லாமல் பட்டியலை விட்டே போய்விடும். மானாவாரியில் இந்த ஆண்டு விட்டு அடுத்த ஆண்டு விதைப்பது சாதாரணம் என்பதால் இங்கே இந்தப் பிழை பெரிதாகவே அடிக்கும். பசலி நிபந்தனையைப் பொருத்தும் இடமான ‘ஆன்’ பகுதிக்கு நகர்த்துவதே வழி. பொருத்துவதற்கு முன் சொல்ல வேண்டியதை ‘ஆன்’-இல் சொல்ல வேண்டும். பொருத்திய பின் சொல்ல வேண்டியதை ‘வேர்’-இல்.

சங்கிலியிலும் இதே கதை. புலத்தோடு பயிரை லெஃப்ட் ஜாயின் செய்துவிட்டு, பயிரோடு விலைப் பட்டியலைச் சாதாரணமாகச் சேர்த்தால், பயிர் இல்லாத புலம் விலையோடு பொருந்த முடியாமல் வெளியேறும். லெஃப்ட் தொடங்கிய சங்கிலி அந்தக் கிளையில் கடைசிவரை லெஃப்டாகவே போக வேண்டும். இன்னர் ஜாயின்களை எந்த வரிசையிலும் மாற்றி அடுக்கலாம். அவுட்டர் ஜாயினில் அந்தச் சுதந்திரம் இல்லை.

எண்ணும்போது இன்னொன்று. கிராமப் பட்டியலை இடப்பக்கம் வைத்துக் கிராமவாரியாகப் பயிர்ப் பதிவுகளை எண்ணினால், ஒன்றும் விதைக்காத கிராமத்துக்குக் கவுண்ட் செயற்கூறு 1 என்று காட்டும். அதற்குள் நட்சத்திரம் போட்டிருந்தால். நட்சத்திரம் வரிகளை எண்ணும். வெறுமையோடு வந்த வரியும் வரிதானே. பயிர்க் கலத்தின் பெயரைப் போட்டு எண்ணினால்தான் 0 வரும்.

கூட்டும்போது வரும் பெருக்கத்தைத்தான் முன்னே ஒத்திவைத்தேன். நம் நான்கு புலங்களின் மொத்தம் ஏழரை ஏக்கர். லெஃப்ட் ஜாயின் செய்த பிறகு பரப்பைக் கூட்டினால் ஒன்பதரை ஏக்கர்! இரண்டு ஏக்கர் 103 ஊடுபயிரால் இரண்டு முறை வந்துவிட்டது. இதோடு பட்டாதாரர் பெயர்களையும் சேர்த்துப் பாருங்கள். தாத்தா பேரில் இருந்த பட்டா ஐந்து வாரிசுகளின் கூட்டுப் பட்டாவாகியிருக்கும். ஐந்து பெயர், இரண்டு பயிர்: ஒரே புலம் பத்து வரி. கிராமத்தின் பரப்பைவிடப் பயிர்ப் பரப்பு கூடுதலாக வரும் விந்தை இப்படித்தான் நேர்கிறது. பயிரைப் புலவாரியாக முதலில் ஒற்றை வரியாகச் சுருக்கிவிட்டுப் பிறகு சேர்ப்பதே சரி.

தரிசை மட்டும் கேட்க ‘நாட் இன்’ என்று எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பயிர் அட்டவணையில் ஒரே ஒரு வரியில் சர்வே எண் விடுபட்டு வெறுமையாக இருந்தாலும் விடை மொத்தமும் காலி. ஒவ்வொரு புலமும் அந்த வெறுமைக்குச் சமமாக இருக்கலாமோ என்ற சந்தேகத்தில் கணிப்பொறி எதையும் வெளியே விடாது. தொடக்கத்தில் சொன்ன, தரிசே கிடையாது என்ற பதிலின் ஊற்று பெரும்பாலும் இதுதான். ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ அல்லது லெஃப்ட் ஜாயின் செய்து வலப்பக்கச் சாவிக் கலம் வெறுமையா என்று பார்ப்பது, இரண்டுமே பாதுகாப்பானவை.

இரண்டு பட்டியல், ஒரு கண்மாய்

ஃபுல் அவுட்டர் ஜாயினை அறிக்கைகளில் அதிகம் காண முடியாது. அதன் இடம், ஒரே பொருளுக்கு இரண்டு அலுவலகங்கள் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கும் இடம். கண்மாய்களைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 பாசனக் கண்மாய்களும் ஏரிகளும் உண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுப்பணித் துறை (இப்போது நீர்வளத் துறை), அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இவை போக, கண்மாய் என்று வகைப்படுத்தப்பட்ட புறம்போக்கு அ-பதிவேட்டில் வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கும். பாலவநத்தம் போன்ற பழைய ஜமீன் பகுதிகளில் 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசின் கைக்கு வந்த கண்மாய்கள் தனி ரகம். நடுவண் அரசு 2017-18-ஐ ஆதார ஆண்டாகக் கொண்டு எடுத்த முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பின் முடிவு 2023-இல் வெளிவந்தபோது, நாடு முழுவதும் 24 லட்சத்துக்கு மேற்பட்ட நீர்நிலைகள், தமிழ்நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். ஊருணி, குட்டை, குளம் எல்லாம் சேர்ந்தது அது. ஒன்று சரி, மற்றது தப்பு என்று இதைப் படிக்கக் கூடாது. எதை எண்ணினார்கள் என்பதே வேறு.

2017-இல் குடிமராமத்து மறுபடி தொடங்கியபோது போல, ஒரு வட்டத்தில் எந்தக் கண்மாய் எப்போது மராமத்து கண்டது என்று பார்க்க நினைத்தால், துறைப் பட்டியலையும் வருவாய்ப் பட்டியலையும் ஃபுல் ஜாயின் செய்வதே முதல் வேலை. மூன்று குவியல் கிடைக்கும். இரண்டிலும் இருப்பவை. துறைப் பட்டியலில் இருந்தும் நிலக் கணக்கில் கண்மாய் என்று இல்லாதவை. இவை வகைப்பாடு மாறியதா, எண் தவறா என்று விசாரிக்க வேண்டியவை. நிலக் கணக்கில் கண்மாய், ஆனால் எந்தத் துறையும் தன்னுடையது என்று சொல்லாதவை. கரை உடைந்தால் யாரும் வராத கண்மாயைத் தேட வேண்டியது இந்த மூன்றாவது குவியலில்.

பொருத்தும் சாவி பெயராக இருந்தால் இந்தக் குவியல்கள் பொய்யாகப் பெருகும். பெரிய கண்மாய் என்ற பெயர் பல ஊர்களில் இருக்கும். ஆங்கில எழுத்தில் அருப்புக்கோட்டையை ஒரு பதிவேடு ஒற்றைக் ககரத்தோடும் இன்னொன்று இரட்டையோடும் எழுதும். திருச்சுழியின் ழகரத்துக்கு எழுத்தருக்கு எழுத்தர் ஒரு வழி. மனிதக் கண்ணுக்கு ஒன்றுதான். குவெரிக்கு ஜோடி இல்லை. நடுவண் அரசின் உள்ளாட்சி அடைவு ஒவ்வொரு கிராமத்துக்கும் தரும் குறியீட்டெண்ணும், அதோடு சர்வே எண்ணும் சேர்ந்ததுதான் நம்பத்தக்க சாவி. அவுட்டர் ஜாயினில் தனித்து நிற்பது எல்லாமே இல்லாமை அல்ல, பாதி எழுத்துப்பிழை.

பயிர்க் காப்பீட்டிலும் இந்த ஒப்பீடு உயிரானது. 2016 காரிஃபில் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஓர் அலகில் காப்பீடு செய்த பரப்பு உண்மையில் விதைத்த பரப்பைவிடக் கூடினால், பரப்புத் திருத்தக் காரணி என்ற ஒன்றால் இழப்பீட்டைக் குறைக்க வழி இருக்கிறது. காப்பீடு உண்டு, பயிர் இல்லை. பயிர் உண்டு, காப்பீடு இல்லை. இந்த இரண்டு மிச்சமும் ஓர் அலகின் மொத்தத்தில் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். புலவாரியாக ஃபுல் ஜாயின் செய்தால் யார் காரணமாக யாருடைய தொகை குறைந்தது என்பது வரை இறங்கிப் பார்க்கலாம்.

இடப்பக்கம் யார்

லெஃப்ட் ஜாயினில் ஓர் அட்டவணை முழுதாக வரும் என்று உறுதி கொடுக்கிறோம். அந்த உறுதி யாருக்கு என்பதைக் குவெரி எழுதுகிறவர் முடிவு செய்கிறார். எழுத்தில் இது ஒரு சொல்லின் இடமாற்றம். பலனில் பெரிய முடிவு.

பி.எம். கிசான் திட்டம் 2019-இல் வந்தது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. பின்னாளில் நில விவரத்தோடு இணைப்பு, ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைப்பு, மின்னணு முறையில் அடையாளச் சரிபார்ப்பு எல்லாம் கட்டாயமாயின. தரவின் கண்ணால் பார்த்தால் அடுத்தடுத்து மூன்று இன்னர் ஜாயின். பணம் அனுப்ப அதுவே பொருத்தம். மூன்றும் பொருந்தியவருக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் அந்தப் பட்டியலையே எடுத்து, திட்டம் எல்லாரையும் எட்டிவிட்டதா என்று அளந்தால் 100 சதவீதம்தான் வரும். அளப்பதற்கு நிலக் கணக்கு இடப்பக்கம் வேண்டும். மூன்று பொருத்தமும் லெஃப்ட் ஆக வேண்டும். எந்தக் கலத்தில் வெறுமை விழுந்தது என்று பிரித்து எண்ண வேண்டும். எந்த ஊரில் ஆதார் இணைப்பு முகாம், எந்த ஊரில் பட்டா மாறுதல் முகாம் என்று தீர்மானிக்க அது போதும்.

2018 ஜனவரியில் நிதி ஆயோக் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து, அருப்புக்கோட்டை அடங்கிய விருதுநகரும் ராமநாதபுரமும் சேர்க்கப்பட்டன. அதன் 49 குறியீடுகளில் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இந்த இடப்பக்கச் சிக்கல் விளங்கும். நான்கு முறையோ அதற்கு மேலோ பேறுகாலப் பரிசோதனை செய்துகொண்டவர்களின் விகிதம், பதிவு செய்துகொண்ட கர்ப்பிணிகளின் எண்ணிக்கைக்கு எதிராக அளக்கப்படுகிறது. மருத்துவமனைப் பிரசவ விகிதமோ மதிப்பிடப்பட்ட மொத்தப் பிரசவங்களுக்கு எதிராக. முதலாவதில் பதிவே செய்யாத பெண் இடப்பக்கத்திலும் இல்லை. அவரைக் காட்ட எந்த ஜாயினாலும் முடியாது. இரண்டாவதில் அவர் பெயரற்ற ஓர் எண்ணாகவாவது நிற்கிறார். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரப்படும் பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்று வாங்குவது கடினம் என்பதால் இங்கே இடைவெளி சிறியதாக இருக்கலாம். அளவுகோலின் அமைப்பில் ஓட்டை இருப்பது இருப்பதுதான்.

அவுட்டர் ஜாயினின் எல்லையும் இதுவே. ஓர் அட்டவணையிலாவது இருப்பவரைத்தான் அது காப்பாற்றும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து உழுகிறவருக்கு அ-பதிவேட்டில் பெயர் இல்லை. அடங்கலில் சாகுபடி செய்தவராகப் பெயர் ஏறாவிட்டால் பயிர் அட்டவணையிலும் இல்லை. 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி அவர் பேர் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆனால் எழுதிக்கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகுமோ என்று உடைமைக்காரர் அஞ்சுவார். எழுதக் கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காதோ என்று உழுகிறவர் அஞ்சுவார். விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் தரும் பணி நில உடைமையில் இருந்து தொடங்குவதால் அந்தப் பட்டியலும் அவரைத் தொடாது.

அவரைத் தேட இடப்பக்கத்தை மாற்ற வேண்டும். எல்லாருக்குமான ரேஷன் இருக்கும் மாநிலம் இது. 2017 முதல் ஸ்மார்ட் அட்டையாகவும் ஆகிவிட்டது. கிராமத்தின் குடும்ப அட்டைப் பட்டியலை இடப்பக்கம் வைத்து, பட்டாவையும் அடங்கலையும் லெஃப்ட் ஜாயின் செய்தால், இரண்டு கலமும் வெறுமையாக நிற்கும் குடும்பங்கள் தனியே வரும். அதில் நாம் தேடும் குத்தகைக்காரரோடு கூலிக்குப் போகிறவர், தறி ஓட்டுகிறவர், கரிமூட்டம் போடுகிறவர், திருப்பூருக்கும் சிவகாசிக்கும் போனவர் எல்லாரும் கலந்திருப்பார்கள். ஆனால் அந்தக் குடும்பங்களை அவர்கள் உழும் புலத்தோடு இணைக்கும் சாவி எந்த அட்டவணையிலும் இல்லை. யார் காட்டை யார் உழுகிறார் என்பது கிராம உதவியாளருக்குத் தெரியும். அந்தப் பட்டியலை அச்சிட்டு அவரிடம்தான் கொடுக்க வேண்டும்.